தாமதமாய் வந்த நிலா

மூன்றாவது மாடிப் படியில் கால் வைத்தபோதே பட்டாசுக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் அடைக்கும். அவனுக்கு வாய் திறக்கும். அதனால்தான் அவனுக்குப் பட்டாசு என்று பெயர் வந்தது.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த மேடம், "மெதுவா வா" என்றார்.

"நான் மெதுவாத்தான் வர்றேன் மேடம். என் முழங்கால்தான் திரும்பி ஓடுது."

மேடம் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் தீ விபத்து இன்ஷூரன்ஸில் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். சாம்பலைக் கிளறிக் கிளறிச் சிரிப்பு வற்றிவிட்டது போலிருக்கிறது. ஆனால் நேற்று சாயங்காலம் ஸ்கூட்டர் இறக்கத்தில் நிற்காமல் பாய்ந்து, காய்கறி வண்டியில் மோதிக் கவிழ்ந்தபோது, முதலில் எழுந்து, "பட்டாசு, உயிரோட இருக்கியா?" என்று கேட்டவர் அவர்தான். பிரேக் ஒயரை யாரோ கத்தரித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த அரைமணி நேரத்தில் நடந்த வேலை. யார் என்று தெரியாது. பட்டாசுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் ஒரு கண்ணாடிக்கடை முதலாளி. அறுபத்தைந்து வயது. நான்கு நாளைக்கு முன்னால், கடை பூட்டிய பிறகு உள்ளே தனியாக இருந்தவரை எவனோ பின்னந்தலையில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அடி விழுந்த நேரத்தில் சந்தேகமே இல்லை. லென்ஸ் கம்பெனிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர், "உங்க பேரைப் போட்டு எங்க கடையில விக்கிற லென்ஸ் எல்லாம்" என்று சொல்லும்போதே பேச்சு அறுந்தது. ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். டெலிபோன் கம்பெனியின் பதிவில் அப்படியே இருக்கிறது.

கடைக்குச் சாவி வைத்திருந்தவர்கள் இன்னும் இரண்டே பேர். ஒருத்தி முதலாளியின் தம்பி மகள். கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். தனியாக நடந்து வீட்டுக்குப் போனேன் என்கிறாள், பார்த்தவர் யாருமில்லை. இன்னொருவன் அவளுடைய தாய்மாமன், கடையில் விற்பனை பார்க்கிறவன். அவனுக்கு மட்டும் கல்லில் வெட்டின சாட்சி இருந்தது. பத்து நிமிட நடை தூரத்தில், இந்தப் படிகள் ஏறிப் போகிற இதே மொட்டைமாடியில், ஏழேகால் மணி வரை அவன் இருந்தான் என்று எழுதிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, அந்தப் பெண்ணின் அப்பாவே.

ஆக, பெற்ற தகப்பன் சொன்ன உண்மையே மகளைக் கழுத்தில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. போலீஸ் அவளைப் பெரியப்பாவின் அறைப்பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஊரை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. அவள்தான் நேற்றுக் காலையில் மேடத்திடம் ஓடி வந்தாள். வந்தவள் தன்னைப் பற்றிப் பேசவேயில்லை. டாக்டர் மறுநாள் மயக்க மருந்தைக் குறைக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியப்பா கண் திறக்கலாம், அவர் கண் திறந்தால் அடித்தவன் யாரென்று சொல்லிவிடுவார், அதற்கு முன்னால் அவன் வந்து காரியத்தை முடித்துவிடுவானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த மறுநாள் இன்றைக்குத்தான். மணி மூன்று ஐம்பது ஆகியிருந்தது.

மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. கூரை இரண்டாகப் பிரிந்து தள்ளிக்கொண்டு போகும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப், பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய கடிகாரம். அது டக் டக்கென்று அடிப்பது பட்டாசுக்குப் பல்லில் கேட்டது. அதற்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒல்லியான, கூச்சமுள்ள மனிதர். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பின்னாலேயே ஏறி வந்த மகள் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். லென்ஸ்காரர் சொன்னார். வியாழன் கிரகத்துக்கு நான்கு பெரிய நிலாக்கள். அவை வியாழனின் நிழலுக்குள் போய் மறைவதும், நிழலை விட்டு வெளியே வருவதும், வியாழனுக்கு முன்னால் குறுக்கே நடப்பதும் எந்த வினாடியில் என்று பார்த்துக் குறிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவருடைய வேலை. சம்பளமில்லாத வேலை. இவரைப் போல இன்னும் நாற்பது ஐம்பது பேர் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். எல்லோரும் குறித்த நேரங்களைச் சேர்த்து அந்த நிலாக்களின் ஓட்டத்தைச் சரிபார்க்கிறவர்கள் உண்டு.

"நம்ம ஊர் பஸ் வர்ற நேரத்தை யாராவது இப்படிக் குறிச்சிருந்தா புண்ணியமாப் போகும்" என்றான் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"உங்க மச்சான் எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்றார் மேடம்.

"ஏழேகால். 'அத்தான், மணி ஏழேகால் ஆச்சு, நான் வர்றேன்'னு சொன்னான். நானும் திரும்பிப் பாத்தேன். ஏழேகால்தான்."

"கடிகாரம் சரியா ஓடுமா?"

அந்தக் கூச்சக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆறு மணிக்கு ரேடியோ பீப் சத்தத்தோடு ஒரு தடவை, வேலை முடிந்து எட்டரைக்கு இன்னொரு தடவை சரிபார்ப்பது இந்த வேலையின் முதல் விதி என்றார். அன்றைக்கு இரண்டு தடவையும் அரை வினாடி பிசகில்லை. இதைத்தான் போலீஸிடமும் சொன்னாராம். சொல்லும்போது மகள் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், உண்மையைச் சொல்லிவிட்டுத் தவிக்கிறார். பட்டாசுக்குப் பாவமாக இருந்தது.

"அன்னைக்கு நிலாவைக் குறிச்சீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல. மேகம்."

"மச்சான் டெலஸ்கோப்ல வியாழனைப் பாத்துட்டு, வெள்ளிக்காசு மாதிரி இருக்குன்னு சொன்னதா போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க. மேகத்துக்குள்ளயா பாத்தார்?"

லென்ஸ்காரரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பட்டாசுக்குச் சந்தேகம் வந்தது. இவரே இருக்குமோ? கூடப் பிறந்த அண்ணனை இந்த வழவழ விரலாலேயே அடித்திருப்பாரோ? அவன் மெல்ல நகர்ந்து கதவுப் பக்கம் போனான். கதவில் அவர் மகள் நின்றாள். அதுவும் அவ்வளவு நல்ல இடமாகத் தோன்றவில்லை.

மேடம் கையை நீட்டினார். "நோட்டைக் கொடுங்க."

நீளமான பழைய நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் கட்டி, பார்த்த நேரம், முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிடும் பட்டியலில் போட்ட நேரம், வித்தியாசம் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தாள் தடிமனாகத் தட்டுப்பட்டது. இரண்டு தாளைச் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மேடம் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து ஓரத்தில் விட்டு, வாழைப்பட்டை உரிப்பதுபோல உரித்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது அன்னைக்குத் தேதி."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். பட்டியலில் போட்ட நேரத்தைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லக்கூடாதாம். தெரிந்தால் கண் அவசரப்பட்டு இல்லாததைப் பார்த்துவிடுமாம். அதனால் மகள்தான் நேரத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைப்பாள். மறுநாள் இரண்டு பேருமாகப் பிரிப்பார்கள். இந்தத் தடவை மறுநாள் வீடு இருந்த இருப்பில் அவர் மட்டும் தனியாகப் பிரித்தார். முதல் நிலா நிழலை விட்டு வெளியே வரவேண்டிய நேரம், ஏழு இருபத்தாறு, பத்து வினாடி. அவர் பார்த்ததாக எழுதியிருந்தது ஏழு நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு வினாடி.

"பதினெட்டு நிமிஷம் முப்பத்துநாலு வினாடி லேட்டு" என்று மனக்கணக்கில் சொன்னாள் மகள்.

"பதினெட்டு நிமிஷம் அந்தப் பொட்டு அங்கேயே எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தும் எனக்குத் தெரியல. கண்ணு போச்சும்மா. லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கண்ணு போச்சுன்னு யாருகிட்டச் சொல்ல?"

வேறு சமயமாக இருந்தால் பட்டாசு, நிலாவுக்கு வழியில் டிராபிக்காக இருக்கும் என்று ஏதாவது சொல்லியிருப்பான். இப்போது வாய் வரவில்லை.

மேடம் மட்டும் பக்கத்தைப் பின்னால் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். விரலை வித்தியாசம் என்ற கட்டத்திலேயே வைத்திருந்தார். அப்புறம் கேட்டார், "இந்த நிலா வெளிய வரும்போதெல்லாம் பட்டியலுக்கு முன்னாடியே பாத்திருக்கீங்களே. எண்பத்தஞ்சு வினாடி, எண்பத்தாறு, எண்பத்தேழு, மறுபடி எண்பத்தாறு. பன்னெண்டு வருஷமா."

மகள்தான் விளக்கினாள். நிலா நிழலிலிருந்து விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று வராது. ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் முளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பாதி நிலா வெளியே வந்த நேரத்தைத்தான் பட்டியலில் போடுகிறார்கள். அப்பாவின் கண் முதல் துளியையே பிடித்துவிடும். மற்றவர்களுக்கு அறுபது எழுபது வினாடிதான், அப்பாவுக்கு மட்டும் எண்பத்தாறு, அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தக் கூட்டமே சொல்லும்.

"சரி. லேட்டான பதினெட்டு நிமிஷம் முப்பத்துநாலு வினாடியோட, அவர் வழக்கமா முந்திப் பாக்குற அந்த எண்பத்தாறு வினாடியையும் சேரு" என்றார் மேடம்.

மகள் உதட்டை அசைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "இருபது நிமிஷம்."

"எத்தனை வினாடி?"

"வினாடி இல்ல மேடம். சரியா இருபது."

பட்டாசுக்கு மயிர்க்கால் குத்திட்டது. ஏனென்று உடனே புரியவில்லை. ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"கண்ணு கெட்டுப்போனா இப்படிக் கெடாது" என்றார் மேடம். "பதினேழு நிமிஷம் சொச்சம், இருபத்தி ரெண்டு நிமிஷம் சொச்சம்னு கெடும். இருபது நிமிஷம் தப்பி, வினாடி மட்டும் வழக்கம் மாறாம எண்பத்தாறுல வந்து உக்காருதுன்னா, கண்ணு தப்பல. முள்ளு தப்பியிருக்கு. யாரோ பெரிய முள்ளை இருபது நிமிஷம் முன்னால தள்ளி வச்சிருக்காங்க. வினாடி முள்ளு அதுபாட்டுக்கு ஓடியிருக்கு."

"ஆறு மணிக்குச் சரியா இருந்திச்சே. எட்டரைக்கும் சரியா இருந்திச்சே."

"நடுவுலதான் சரியா இல்ல. அன்னைக்கு வேற எதையாவது குறிச்சீங்களா?"

குறித்திருந்தார். எட்டு மணி சொச்சத்துக்கு இரண்டாவது நிலா வியாழனுக்குக் குறுக்கே நடந்து முடிந்த நேரம். அதில் ஒரு பிழையும் இல்லை. பெரிய வெளிச்சம் தெரிகிறது, சின்னத் துளிதான் தெரியவில்லை, பார்வை போகிறவனுக்கு அப்படித்தானே ஆகும் என்று அவரே அதற்கும் ஒரு சமாதானம் கற்பித்து வைத்திருந்தார். தன் கண்ணைச் சந்தேகப்பட்டார், கடிகாரத்தைச் சந்தேகப்படவில்லை. இரண்டு தடவை சரிபார்த்த கடிகாரத்தைச் சந்தேகப்பட அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் மனசு வராது.

"முள்ளைத் திருப்பினா உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டான் பட்டாசு.

தெரியாது. பக்கத்து வீட்டு விளக்கு கண்ணில் படக்கூடாது என்று தலையோடு கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் பார்ப்பார். போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிடுவார். நிலா தெரிந்த கணத்திலிருந்து கடிகாரத்தின் அடியை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்து, முள்ளைப் பார்த்து, எண்ணியதைக் கழித்து எழுதுவார். எழுதியதும் திரும்பப் போர்வைக்குள் போய்விடுவார்.

"மச்சான் திரும்பி வந்தாரா?"

"பிளாஸ்க்ல டீ கொண்டு வந்தான். நான் போர்வைக்குள்ள இருந்தேன். மணி பாக்கல."

"இந்தப் பன்னெண்டு வருஷத்துல எத்தனை தடவை இந்த மாடிக்கு வந்திருக்கார்?"

லென்ஸ்காரர் விரலை மடக்கப் போய் நிறுத்தினார். "அன்னைக்கு ஒரு தடவைதான்" என்றார்.

மகள் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். மாமா ஏழேகாலுக்குப் போகவில்லை. ஆறு ஐம்பத்தைந்துக்கே போயிருக்கிறான். ஏழு ஐந்துக்குக் கடை. ஏழு பன்னிரண்டுக்கு அடி, அவன் விற்ற போலி லென்ஸைப் பற்றிப் பெரியவர் கம்பெனிக்காரரிடம் சொல்லி முடிப்பதற்குள். அப்புறம் டீ வாங்கிக்கொண்டு நிதானமாக மாடியேறி வந்து, முள்ளைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்திருக்கிறான்.

"உங்க மாமா இப்ப எங்க?" என்றார் மேடம். அந்தக் குரலைப் பட்டாசு இதுவரை கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரியில" என்றாள் மகள். "எனக்குத்தான் அனுமதி இல்லையே. பெரியப்பா பக்கத்துல நம்பிக்கையான ஆள் ஒருத்தர் இருக்கணும்னு நான்தான் போகச் சொன்னேன். நாலு மணியிலிருந்து உள்ள தனியா இருக்கலாம்னு இன்ஸ்பெக்டரே பாஸ் கொடுத்தார்."

மணி நாலு பத்து.

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். பேச்சில் இருந்தது. மகள் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போட்டாள். எடுத்த நர்ஸ் இவள் குரலைக் கேட்டதும், உங்களோடு பேசக்கூடாது என்று உத்தரவு என்று சொல்லி வைத்துவிட்டாள். லென்ஸ்காரரின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மேடம் கதவைத் திறந்தார். போகிற போக்கில் பட்டாசின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பத்து நிமிஷம் ஆகும். அவன் போனுக்குப் போடு. பேசிக்கிட்டே இரு."

"என்ன மேடம் பேசுறது?"

"எதையாவது பேசு. ஒரு கையில போன் இருந்தா, ரெண்டு கையால தலகாணியைப் பிடிக்க முடியாது."

படிகளில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி மறைந்தது.

மகள் சொன்ன நம்பரைப் பட்டாசு இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். மூன்றாவது தடவை மணி போனது. ஐந்து முறை அடித்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"சொல்லுங்க." மெல்லிய, நல்ல மனிதனின் குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மெஷின் பீப் பீப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியவரின் இதயம். பட்டாசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அது அடிக்கிற வரைக்கும் பரவாயில்லை.

"வணக்கம் சார். நான் மேடத்தோட அசிஸ்டெண்ட். உங்க ஸ்டேட்மெண்ட்ல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சாம். எங்க ஆபீஸ் பிரிண்டர் இருக்கே, அது கையெழுத்துப் போடுற இடத்தை மட்டும் முழுங்கிடும்."

"அப்புறம் போடுறேன்."

"அப்புறம்னா எப்ப சார்? மேடம் என்னைக் காய்ச்சி எடுத்துடுவாங்க. போன வாரம் இப்படித்தான் ஒரு ஆளு..." என்று தொடங்கி, வராத ஆள், போகாத ஊர், நடக்காத கதை எல்லாவற்றையும் அள்ளி விட்டான். மகள் சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். லென்ஸ்காரர் வந்து பட்டாசின் தோளோடு தோளாக நின்று போனில் காதை வைத்தார்.

எட்டு நிமிடம் ஓடியது. திடீரென்று பீப் சத்தம் பெரிதாகக் கேட்டது. குரல் எட்டத்திலிருந்து வந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் தம்பி. நீங்க பேசுங்க, கேட்டுக்கிட்டே இருக்கேன்."

இரண்டு கையும் காலியாகிவிட்டது. துணி உரசும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பட்டாசுக்குச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. பீப் முன்னைவிட வேகமாக அடித்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், ஏழேகாலுக்கு நீங்க மாடியில இல்ல. கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால தள்ளி வச்சீங்க."

கட்டில் சத்தம் நின்றது. பிறகு பீப் சின்னதாகி, குரல் காதுக்குப் பக்கத்தில் வந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். மேடத்துக்குக் கூட்டல் கழித்தல் வராது சார்."

"உனக்கு என்ன வேணும்?"

"என் உயிர் வேணும் சார். நேத்து பிரேக்கை அறுத்தது நீங்கதானே?"

"அறுத்தும் போன் போட்டுப் பேசுறியே." லேசாகச் சிரித்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க சார். அவர் அங்கேயேதானே இருந்தார். எப்படித் திருப்பினீங்க? அதைச் சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

"அத்தானா? போர்வைக்குள்ள போயிட்டா அந்த ஆளுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. ரெண்டு தடவையும் முதுகுக்குப் பின்னால ஒரு முழத்துல நின்னுதான் திருப்பினேன். ரெண்டாவது தடவை கையில சுத்தியல் கூட இருந்திச்சு. திரும்பிப் பாத்திருந்தார்னா அன்னைக்கே ரெண்டு பொணம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நேரம் நல்லா இருந்திருக்கு."

லென்ஸ்காரர் போனிலிருந்து காதை எடுக்கவில்லை.

கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. ரொம்பத் தூரத்திலிருந்து வருவதுபோல மேடத்தின் குரல். "போனைக் கீழ வைங்க. தலகாணியையும்."

அதற்கப்புறம் எல்லாம் ஒன்றாகக் கேட்டது. ஏதோ உடைந்தது, ஒரு பெண் கத்தினாள், பூட்ஸ் கால்கள் ஓடின. போன் தரையில் விழுந்து உருண்டது. பீப் நின்று, ஒரே நீளமாக ஊதத் தொடங்கியது.

மூன்று பேரும் அசையவில்லை. மகள் காதிலிருந்து கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அந்த ஊதல் நிற்கவே இல்லை. பட்டாசு வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. இனிமேல் ஒரு வேளைச் சோறுகூடத் தொண்டையில் இறங்காது என்று நினைத்தான்.

"ஒயர் கழண்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள் நர்ஸ். பீப். பீப். பீப்.

மேடம் போனை எடுத்தார். இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார், உதடு மட்டும் லேசாகக் கிழிந்திருக்கிறது, ஆஸ்பத்திரிப் போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது, இமை அசைகிறது, டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். கடைசியில், "பட்டாசு, நல்லாப் பேசினே" என்று சொல்லி வைத்துவிட்டார். அவன் சரி என்று சொல்ல நினைத்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

லென்ஸ்காரர் மெல்ல நடந்து போய் மகள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். போலீஸில் எழுதிக் கொடுத்ததை மாற்ற வேண்டும், இப்போதே போகலாம் என்றார். அவனை நேரில் பார்க்க மட்டும் தன்னால் முடியாது என்றார். அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டில் பத்து வயதிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்டவன்.

மகள் அதையெல்லாம் கேட்கவில்லை. பசை உரிந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுநாளே உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஏம்ப்பா காட்டல? காட்டியிருந்தா நானே கூட்டிப் பாத்திருப்பேனே. நாலு நாளா நான்தான் பெரியப்பாவை அடிச்சேன்னு ஊரெல்லாம் பேசுச்சே."

அவர் அந்தத் தேய்ந்த விரல்களால் அவள் பாதத்தைத் தொட்டார். "கண்ணு தெரியாத அப்பனைப் பாத்துக்கணும்னு உன் கல்யாணத்தை நீ தள்ளிப் போட்டுடுவியோன்னு பயந்தேன்ம்மா. நான் பயந்ததுக்கு நீ மாட்டிக்கிட்டே."

மகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றாள்.